காக்பிட்டில் ஏ.டி.எஸ்-பி பெட்டியை இயக்குவது: மலைநாட்டு வானத்தில் புதிதாகப் பறக்கிறவர்களுக்கு

விமானப் பயிற்சியின் முதல் மாதங்களில் டிரான்ஸ்பொண்டரை, அதாவது நம் விமானம் எது என்று தரையிலிருக்கிற ராடருக்குச் சொல்கிற பெட்டியை, யாரும் சரியாகக் கவனிப்பதில்லை. ஒரு கை கன்ட்ரோலில், இன்னொரு கை துரொட்டிலில், கண் வேகமானியில், காதில் இரத்மலானை டவர் ஆங்கிலத்தில் கடகடவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்து சீட்டில் இருக்கிற இன்ஸ்ட்ரக்டர் சேர் கையை நீட்டி நாலு இலக்கத்தைத் தட்டிவிடுவார், வேலை முடிந்தது. தனியாகப் பறக்கிற கட்டம் வந்த பிறகுதான் அந்தப் பெட்டியும் நம் பொறுப்பு என்பது உறைக்கும். அப்போது கையேட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கிலம்.

ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கமிருந்து இந்தப் படிப்புக்குப் போகிற தம்பி தங்கைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒவ்வொரு கம்பனியின் பெட்டியிலும் பட்டன் இருக்கிற இடம் மாறும், மெனு மாறும். ஆகவே உங்கள் விமானத்தின் கையேட்டில் அந்தப் பெட்டிக்கென்று இருக்கிற பின்னிணைப்புப் பக்கங்கள் என்ன சொல்கின்றனவோ அதுதான் முடிவு. நான் சொல்லப்போவது எந்தப் பெட்டிக்கும் பொதுவான வேலை ஒழுங்கு. அதோடு, நம் மலைகளுக்கிடையே பறக்கும்போது இந்தப் பெட்டியை எவ்வளவு நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதும் வரும். எனக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

அது என்ன செய்கிறது

பழைய டிரான்ஸ்பொண்டர் கேட்டால் மட்டும் பதில் சொல்லும். தரையிலிருக்கிற ராடர் 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி அனுப்பும், பெட்டி 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்பும். மோட் ஏ என்றால் நாலு இலக்கக் கோட் மட்டும். மோட் சி என்றால் உயரமும் சேர்ந்து. மோட் எஸ் என்றால் அந்த விமானத்துக்கே உரிய 24 பிட் முகவரியும் சேர்ந்து போகும். புது டிரான்ஸ்பொண்டர்களில் சேர்ந்து வருகிற ஏ.டி.எஸ்-பி என்ற ஒளிபரப்பு முறை இந்தக் கேள்விக்கெல்லாம் காத்திருப்பதில்லை. ஜி.பி.எஸ்ஸிலிருந்து இடத்தை எடுத்து, அதே 1090-இல், பறக்கும்போது விநாடிக்கு இரண்டு தடவை இடத்தையும், இரண்டு தடவை வேகத்தையும் திசையையும், ஐந்து விநாடிக்கு ஒரு தடவை பெயரையும் தானாகவே அனுப்பிக்கொண்டே இருக்கும். கினிகத்தேனை வளைவுகளில் எதிரே வண்டி வருகிறதா இல்லையா என்று தெரியாமலே ஹோர்ன் அடித்துக்கொண்டு இறங்குகிற லொறியை நினைத்துக்கொள்ளுங்கள்: கேட்க ஆள் இருக்கிறதா என்பது ஹோர்னுக்குத் தெரியாது.

இந்தச் செய்திகளுக்குப் பூட்டு எதுவும் இல்லை. பொருத்தமான அன்டெனாவும் சின்ன ரிசீவரும் வைத்திருக்கிற எவரும் வாங்கிப் படிக்கலாம். அதேபோல, பெயரைத் தப்பாகத் தட்டினால் அந்தத் தப்பான பெயரையே பெட்டி விசுவாசமாக விநாடிக் கணக்கில் அறிவித்துக்கொண்டிருக்கும். திருத்தித் தர உள்ளே யாரும் இல்லை.

விமானியின் கைக்குள் இருப்பது கொஞ்சம்தான். எந்த மோடில் இருக்கவேண்டும், ஸ்குவாக் கோட் (அந்த நாலு இலக்கம்) என்ன, பிளைட் ஐ.டி. (பெட்டி அறிவிக்கிற பெயர்) என்ன, நம் புள்ளியை ராடர் திரையில் தனித்துக் காட்டுகிற ஐடென்ட் பட்டனை எப்போது அமுக்குவது, அவ்வளவுதான். 24 பிட் முகவரி, விமானத்தின் அளவு வகை, அன்டெனா, ஜி.பி.எஸ் இணைப்பு எல்லாம் பொருத்தும்போது இன்ஜினியர் செய்து வைத்தது. இலங்கை விமானங்களின் முகவரி 770 என்று தொடங்கும். வேறு நாட்டிலிருந்து வாங்கி இங்கே 4ஆர் என்று தொடங்குகிற இலங்கைப் பதிவு போட்ட விமானத்தில் பழைய நாட்டு முகவரியே இருந்தால் அது பெரிய குழப்பம், ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டியது உரிமம் உள்ள இன்ஜினியர். நீங்கள் செட்டிங்ஸ் மெனுவுக்குள் போய்ச் சரிசெய்கிறேன் என்று இறங்கவேண்டாம்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று அமெரிக்காவிலிருந்து பெட்டி வாங்குகிற யோசனை யாருக்காவது இருந்தால் ஒரு வார்த்தை. அங்கே 18,000 அடிக்குக் கீழே பறக்கிறவர்களுக்காக 978 மெகாஹெர்ட்ஸில் வேறொரு முறை இருக்கிறது. விலை குறைந்த பல பெட்டிகள் அந்த வகை. இங்கே தேவை 1090. பெட்டியின் படம் அழகாக இருக்கிறதென்று ஏமாறாதீர்கள்.

என்ஜினைத் தொடங்கும் முன்

விமானத்தைச் சுற்றி வரும்போது வயிற்றுப் பக்கம் குனிந்து பாருங்கள். பெரும்பாலான சின்ன விமானங்களில் டிரான்ஸ்பொண்டர் அன்டெனா அங்கேதான், சுறாத் துடுப்பு மாதிரியோ நுனியில் குமிழ் வைத்த குச்சி மாதிரியோ இருக்கும். அதில் சேறும் எண்ணெயும் அப்பியிருந்தால் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் புல் ஓடுபாதையில் இறங்கிய விமானம் என்றால் கட்டாயம் பாருங்கள்.

உள்ளே ஏறியதும் பிளைட் பிளானைக் கையில் எடுத்து, விமான அடையாளம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை முழங்காலில் கட்டியிருக்கிற அட்டையில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இது தேவைப்படும்.

மின்சாரம் கொடுத்ததும்

என்ஜின் ஓடத் தொடங்கி நிலைத்த பிறகுதான் ஏவியொனிக்ஸ் மாஸ்டர் சுவிட்ச், அதாவது வானொலி, டிரான்ஸ்பொண்டர் மாதிரியான மின்னணுப் பெட்டிகளுக்கெல்லாம் பொதுவான சுவிட்ச். என்ஜினைத் தொடங்கும்போது மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும், அந்த நேரத்தில் பெட்டி உயிரோடு இருக்கக்கூடாது. சுவிட்ச் போட்டதும் பெட்டி தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும், திரையில் கொஞ்ச நேரம் எல்லா எழுத்தும் எரியும். அது முடியும்வரை எதையும் அமுக்காதீர்கள்.

அதன் பிறகு ஜி.பி.எஸ் இடத்தைப் பிடிக்கவேண்டும். திறந்த வானம் இருந்தால் சீக்கிரம் பிடித்துவிடும். ஹாங்கரின் தகரக் கூரைக்குக் கீழே நின்றால் பிடிக்காது. வெளியே இழுத்து நிறுத்திவிட்டுப் பாருங்கள். இடம் பிடிக்காதவரை பல பெட்டிகள் 'நோ பொசிஷன்' என்ற மாதிரி ஒரு எச்சரிக்கை காட்டும். ஓடத் தொடங்கும் முன் அது மறைந்திருக்கவேண்டும். பழைய வகைப் பெட்டியில் இப்படி எச்சரிக்கைத் திரை இருக்காது, தனியாக ஒரு சின்ன விளக்கு இருக்கும். உங்கள் விமானத்தில் எது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்க வெட்கப்படவேண்டாம்.

மோட்கள் பொதுவாக இப்படி இருக்கும்: ஓஃப், ஸ்டேன்ட்பை, கிரவுண்ட், ஓன், ஆல்ட். ஸ்டேன்ட்பையில் பெட்டி விழித்திருக்கும், ஆனால் எதையும் அனுப்பாது. ஓன் என்றால் கோட் போகும், உயரம் போகாது. ஆல்ட் என்றால் எல்லாம் போகும். புதுப் பெட்டிகளில் கிரவுண்டும் ஆல்ட்டும் தானாக மாறிக்கொள்ளும், நீங்கள் தொடவே வேண்டியதில்லை. பெயரைப் பார்த்து 'ஓன் என்று போட்டாயிற்று, எல்லாம் ஓடுகிறது' என்று நினைப்பது புதியவர்கள் எல்லோரும் விழுகிற குழி. ஓனில் விட்டுவிட்டுப் பறந்தால் உயரம் போகாது. உயரம் தெரியாத விமானத்துக்கு எதிராக, பெரிய ஜெட்டுகளில் இருக்கிற மோதல் தவிர்ப்புக் கருவி தன் விமானிக்கு 'ஏறு', 'இறங்கு' என்று கட்டளை தர முடியாது. கட்டுநாயக்கவுக்கு இறங்கி வருகிற ஜெட் ஒன்று உங்கள் பக்கம் வரும்போது இது சின்ன விஷயமில்லை.

ஸ்குவாக் கோட்

நாலு இலக்கம், ஒவ்வொன்றும் 0 முதல் 7 வரைதான். 8-ம் 9-ம் கிடையாது. மொத்தம் 4096 கோட். கட்டுப்பாட்டாளர் 'ஸ்குவாக் 4271' என்று சொன்னால் அதே இலக்கங்களைத் திருப்பிச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு தட்டுங்கள். தட்டிவிட்டுத் திரையை ஒரு தடவை வாசியுங்கள்.

சிமுலேட்டரிலும் யூடியூபிலும் பழகி வருகிறவர்கள் கையில் 1200 அல்லது 7000 தானாக வந்துவிடும். 1200 அமெரிக்கப் பழக்கம், 7000 ஐரோப்பியப் பழக்கம். இங்கே டவர் என்ன தருகிறதோ அது. எதுவும் தராவிட்டால் கேளுங்கள். ஊகித்துப் போடவேண்டாம்.

கோட் மாற்றும்போது இடையில் 7500, 7600, 7700 என்ற மூன்றையும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். குமிழைத் திருப்புகிற பழைய பெட்டியில் இது சுலபமாக நடக்கும்: 2700-இலிருந்து 7200-க்குப் போகிறவர் முதல் இலக்கத்தை முதலில் திருப்பினால் ஒரு கணம் 7700 நிற்கும், அவசர நிலை என்று ராடர் திரையில் மணி அடிக்கும். இரண்டாவது இலக்கத்தை முதலில் மாற்றி 2200 ஆக்கி, அப்புறம் 7200. முன்பெல்லாம் இதற்காக ஸ்டேன்ட்பைக்குப் போய் மாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏ.டி.எஸ்-பி சேர்ந்த பெட்டியில் ஸ்டேன்ட்பைக்குப் போனால் இட ஒளிபரப்பும் நின்றுவிடும், ஆகவே வானத்தில் அந்தப் பழக்கம் வேண்டாம். நாலு இலக்கத்தையும் தட்டி முடித்த பிறகே கோட் மாறுகிற புதுப் பெட்டியில் இந்தத் தொல்லையே இல்லை.

பிளைட் ஐ.டி., அதிகம் தப்பு நடக்கிற இடம்

முழங்கால் அட்டையில் எழுதினீர்களே, அது இப்போது. பிளைட் பிளானில் இருக்கிற விமான அடையாளமும் பெட்டியில் இருக்கிற பிளைட் ஐ.டி.யும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். கட்டுப்பாட்டாளரின் கணினி இந்த இரண்டையும் ஒப்பிட்டுத்தான் திரையிலிருக்கிற புள்ளிக்குப் பெயர் ஒட்டுகிறது. ஒரு எழுத்து மாறினால் பெயர் ஒட்டாது, அப்புறம் அவர் உங்களைக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருக்கவேண்டும்.

பயிற்சி விமானத்தில் பெரும்பாலும் பதிவு எண்தான் அடையாளம். வால் பக்கத்தில் 4ஆர் என்று எழுதி ஒரு கோடு போட்டு மீதி எழுத்துகள் வரும். பெட்டியில் அந்தக் கோடு வேண்டாம், இடைவெளியும் வேண்டாம், எல்லாம் ஒட்டி. கம்பனி விமானம் என்றால் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அந்தக் கம்பனிக்குக் கொடுத்த மூன்றெழுத்தும் பயண எண்ணும். டிக்கெட்டில் யூ.எல். என்று பார்க்கிற ஸ்ரீலங்கன் விமானம் பிளைட் பிளானில் ஏ.எல்.கே. என்று இருப்பது இதனால்தான். எண்ணுக்கு முன்னால் பூச்சியம் நிரப்பி அழகுபடுத்தவும் வேண்டாம்.

பல பெட்டிகள் முந்தைய பறப்பின் பிளைட் ஐ.டி.யை அப்படியே நினைவில் வைத்திருக்கும். காலையில் வேறொருவர் வேறு அழைப்புப் பெயரில் பறந்திருந்தால் மத்தியானம் நீங்கள் அவர் பெயரில் பறப்பீர்கள். ஆகவே மாற்றவேண்டுமோ வேண்டாமோ, ஒவ்வொரு பறப்புக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்து வாசியுங்கள். பறந்துகொண்டிருக்கும்போது கட்டுப்பாட்டாளர் விமான அடையாளத்தை மறுபடி போடச் சொன்னால், 'ரீ-என்டர்' என்ற சொல் காதில் விழும், கோபப்படாமல் திறந்து பார்த்து மறுபடி தட்டுங்கள். சில பெட்டிகளில் சக்கரம் தரையை விட்ட பிறகு இந்தப் பக்கம் பூட்டிக்கொள்ளும், அப்படியானால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

தரையில் ஓடும்போதும் எழும்பும்போதும்

தானாக மாறுகிற பெட்டி என்றால் தரையில் கிரவுண்ட் என்று காட்டும், எழும்பியதும் ஆல்ட். கையால் மாற்றுகிற வகை என்றால் ஓடுபாதைக்குள் நுழையும் முன் ஆல்ட்டில் போடுங்கள். எழும்பிச் சில நூறு அடி ஏறி, என்ஜின் அளவுகோல்களைப் பார்த்து முடித்த கையோடு, அந்தத் திரையை ஒரு தடவை பாருங்கள்: ஆல்ட் வந்துவிட்டதா? இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வானத்திலிருந்துகொண்டு 'நான் தரையில் இருக்கிறேன்' என்று சொல்கிற விமானத்தை ஜெட்டுகளின் மோதல் தவிர்ப்புக் கருவி கணக்கிலேயே எடுக்காது. தரைச் செய்தியில் உயரமும் இருக்காது.

பெட்டிக்கு நாம் எழும்பிவிட்டோம் என்று எப்படித் தெரியும்? பெரிய விமானத்தில் சக்கரக் காலில் சுமை விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற சுவிட்ச் சொல்லும். சின்ன விமானத்தில் பெரும்பாலும் வேகத்தை வைத்தே பெட்டி முடிவு செய்கிறது. காசல்ரீ, பொல்கொல்ல போன்ற நீர்த்தேக்கங்களில் இறங்குகிற மிதவை விமானத்தில் வேலை கிடைத்தால் உங்கள் பெட்டி எந்த வழியில் தீர்மானிக்கிறது என்பதை இன்ஜினியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீரில் இறங்கும்போது சக்கரக் கால் எதையும் தொடாது அல்லவா.

திரையில் ஒரு உயரம், உயரமானியில் இன்னொரு உயரம்

புதியவர்களை மிரட்டுகிற விஷயம் இது. டவர் தருகிற கியூ.என்.எச். அழுத்தத்தை, அதாவது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட அன்றைய காற்றழுத்தத்தை, உயரமானியில் திருப்பி வைக்கிறீர்கள். ஆனால் டிரான்ஸ்பொண்டர் அனுப்புகிற உயரம் எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் கணக்கில்தான், உயரமானியின் திருகை எப்படித் திருப்பினாலும் அது மாறாது. கியூ.என்.எச். 1010 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி, மூன்றுக்கு 80 அடி சொச்சம். உயரமானி 7,420 காட்டும்போது பெட்டி 7,500 என்று அனுப்பும். இரண்டும் சரிதான். தரையிலிருக்கிற கணினி கியூ.என்.எச்.சைப் போட்டுத் திருத்திக்கொள்ளும். ஆகவே திரையில் வருகிற எண்ணைப் பார்த்து உயரமானியைத் திருப்பிவிடாதீர்கள், மலைநாட்டில் அது உயிரோடு விளையாடுவது.

கட்டுப்பாட்டாளர் உங்கள் உயரத்தைக் கேட்டால் உயரமானியில் இருப்பதைச் சொல்லுங்கள். அவர் திரையில் இருப்பதற்கும் நீங்கள் சொல்வதற்கும் வித்தியாசம் 300 அடியைத் தாண்டினால் உயரத்தைப் பெட்டிக்குக் கொடுக்கிற கருவியில் கோளாறு என்று எடுப்பார். 'ஸ்டொப் ஸ்குவாக் சார்லி' என்று சொல்லலாம். அப்போது ஆல்ட்டிலிருந்து ஓனுக்கு வரவேண்டும். ஓன் மோடுக்கு இருக்கிற நல்ல உபயோகம் இதுதான்.

ஐடென்ட் பட்டனைப் பற்றி நீட்டத் தேவையில்லை. கேட்டால் ஒரு தடவை அமுக்குங்கள், சுமார் 18 விநாடிக்கு உங்கள் புள்ளி திரையில் தனித்துத் தெரியும். கேட்காமல் அமுக்காதீர்கள், பிடித்துக்கொண்டும் இருக்காதீர்கள்.

மலைக்குள்ளே என்ன மாறுகிறது

1090 மெகாஹெர்ட்ஸ் அலை நேர்கோட்டில் போகும். சமதரைக்கு மேலே 1,000 அடியில் பறந்தால் சுமார் 39 கடல் மைல், 5,000 அடியில் 85 கடல் மைல் சொச்சம் வரை தரை அன்டெனாவுக்கு எட்டும் என்று கணக்கு. கடலோரத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் இடையில் ஒரு மலை நின்றால் கணக்கெல்லாம் முடிந்தது.

நுவரெலியாவுக்கு மேலே நிற்கிற பீதுருதாலகால 2,524 மீற்றர், நாட்டிலேயே உயரமான இடம், தொடர்பாடல் கோபுரங்களும் ராடரும் இருப்பதால் சாதாரண மக்கள் நினைத்தபடி போய்வர முடியாத பாதுகாப்பு வலயம். அங்கேயே அன்டெனா இருக்கும்போது என்ன குறை என்று தோன்றும். எந்த உச்சியில் அன்டெனா வைத்தாலும் ஏதோ ஒரு மலை முதுகுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கு மறைந்துதான் இருக்கும். காசல்ரீக்கு இறங்க உயரத்தைக் குறைத்துக்கொண்டு மலைகளுக்கிடையே நுழைகிறீர்கள் என்றால், பெட்டி விநாடிக்கு விநாடி அனுப்பிக்கொண்டிருந்தாலும் வாங்க ஆள் இல்லாத நிமிடங்கள் வரும். பெட்டியில் எந்த எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் பெட்டியின் வேலை அனுப்புவது மட்டும். விமானத்தைச் சரித்துத் திரும்பும்போது வயிற்று அன்டெனா வேறு பக்கம் பார்க்கும், அப்போது விமானத்தின் உடம்பே மறைத்துவிடுவதும் உண்டு.

ஆகவே மலைநாட்டில் வாயால் இடம் சொல்கிற பழைய பழக்கத்தை விடக்கூடாது என்பது என் கட்சி. 'நோர்வூட்டுக்கு மேலே, 7,500 அடி, காசல்ரீ நோக்கி இறங்கத் தொடங்குகிறேன்' என்ற மாதிரி, அதற்குரிய ஆங்கில ஒழுங்கில், மலைக்குள் நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். நுழைந்த பிறகு வானொலியும் மறையலாம், அதுவும் நேர்கோட்டில் போகிற அலைதான். ஏ.டி.எஸ்-பி இருக்கிறதே, எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு போகிற பழக்கம் தாழ்நிலத்தில் ஒருவேளை தப்பிக்கும், இங்கே தப்பிக்காது.

மற்ற விமானங்களின் ஒளிபரப்பை வாங்கித் திரையில் காட்டுகிற வசதியும், அதாவது 'ஏ.டி.எஸ்-பி இன்' (ADS-B In) என்பதும், உங்கள் விமானத்தில் இருந்தால் சந்தோஷம். ஆனால் ஒளிபரப்புகிறவர்களை மட்டும்தான் அது காட்டும். பெட்டி இல்லாத விமானம், ஒளிபரப்பை நிறுத்திப் பறக்கிற இராணுவ ஹெலிகொப்டர், ட்ரோன், பருந்து எதுவும் அதில் வராது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற விமானமும் மலையைத் தாண்டுகிறவரை வராது. திரை காலியாக இருப்பதற்கும் வானம் காலியாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. வெளியே பாருங்கள்.

இன்னொன்று, இது மலையையும் காட்டாது. 1974 டிசம்பர் 4-ஆம் திகதி, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவுக்கு வந்துகொண்டிருந்த மார்ட்டின்எயார் டி.சி-8 விமானம் மஸ்கெலியாப் பக்கத்துச் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்ததை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைத் தப்பாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். இன்றைய பெட்டி அன்று இருந்திருந்தால், தரையில் யாராவது அந்த இடத்தையும் உயரத்தையும் திரையில் பார்த்துக் கூப்பிட்டுச் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். ஆனால் நம் இடத்தை மற்றவர்களுக்குச் சொல்கிற கருவி அது. முன்னால் மலை இருக்கிறது என்று நமக்குச் சொல்லாது. வரைபடத்தில் அந்தப் பகுதிக்குக் குறித்திருக்கிற பாதுகாப்பான உயரத்தைப் பறக்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழை மூட்டம் இறங்கி முன்னால் ஒன்றும் தெரியாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள், கொழும்பு ஓடிப்போய்விடாது.

வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இப்போது அம்மாவும் தங்கச்சியும் போனில் ஃபிளைட்ராடர்24 திறந்து வைத்துக்கொண்டு பிள்ளை பறப்பதைப் பார்க்கிற காலம். அந்த மாதிரி இணையதளங்களுக்குத் தகவல் வருவது பெரும்பாலும் ஆர்வலர்கள் வீட்டுக் கூரையில் வைத்திருக்கிற ரிசீவர்களிலிருந்து. மலைக்குப் பின்னால் போனால் படம் அப்படியே உறையும், இல்லாவிட்டால் மறைந்துபோகும். அதற்கு விமானம் விழுந்துவிட்டதென்று அர்த்தமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், நீங்கள் இறங்கிப் போனைப் போடும்போது இருபது மிஸ்ட் கோல் கிடக்கும், லயத்தில் பாதிப் பேர் உங்கள் வீட்டு வாசலில் கூடியிருப்பார்கள்.

எச்சரிக்கை வந்தால்

'நோ பொசிஷன்' பறக்கும்போது வந்தால் முதலில் விமானத்தை ஓட்டுங்கள். பெட்டிக்காகத் தலையைக் குனிந்து மெனுவுக்குள் போகிற நேரத்தில்தான் மலை கிட்ட வரும். நேராக, மட்டமாக, பாதுகாப்பான உயரத்தில் நிலைத்த பிறகு வழிகாட்டும் ஜி.பி.எஸ் திரையைப் பாருங்கள். அதிலும் இடம் இல்லையென்றால் கோளாறு ஜி.பி.எஸ் பக்கம்; அப்படியானால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதையே வெளியே ஆற்றையும் ரயில் பாதையையும் நீர்த்தேக்கத்தையும் பார்த்து உறுதிப்படுத்தவேண்டும், ஒளிபரப்புக் கவலை அதற்குப் பிறகு. ஜி.பி.எஸ் நன்றாக இருந்தால் பெட்டிக்கு வருகிற இணைப்பில் ஏதோ. எப்படியானாலும் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லுங்கள். இட ஒளிபரப்பு நின்றாலும் டிரான்ஸ்பொண்டர் ராடருக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கும், ஆகவே கோபித்துக்கொண்டு பெட்டியையே அணைத்துவிடாதீர்கள்.

சர்கியூட் பிரேக்கர் துள்ளி வெளியே வந்திருந்தால் உங்கள் செக்லிஸ்ட் என்ன சொல்கிறதோ அதன்படி. மறுபடி மறுபடி அமுக்குவது மட்டும் வேண்டாம், அது துள்ளியதற்கு ஒரு காரணம் இருக்கும்.

தப்பான இடத்தை அனுப்புகிறது என்று தரையில் தெரிந்தால் ஏ.டி.எஸ்-பி அனுப்புவதை நிறுத்தி ஸ்குவாக் மட்டும் அனுப்பச் சொல்வார்கள். இரண்டையும் தனித்தனியாக நிறுத்த எல்லாப் பெட்டியிலும் முடியாது. உங்கள் பெட்டியில் முடியுமா என்பதைத் தரையிலிருக்கும்போதே பார்த்து வையுங்கள், முடியாதென்றால் 'முடியாது' என்று சொல்ல 'அனேபிள்' என்ற ஒரு சொல் போதும்.

மூன்று கோட்

7700 அவசர நிலைக்கு, 7600 வானொலி கெட்டால், 7500 விமானம் சட்டவிரோதமாகக் கைப்பற்றப்பட்டால். இந்தக் கோட்களைப் போட்டால் ராடரில் மட்டுமில்லை, ஏ.டி.எஸ்-பி செய்தியிலும் அவசர நிலை என்ற அடையாளம் சேர்ந்து போகும்.

ஏற்கெனவே கட்டுப்பாட்டாளரோடு பேசிக்கொண்டு அவர் தந்த கோட்டில் பறக்கிறபோது என்ஜின் இருமினால் முதலில் வாயால் சொல்லுங்கள். அவர் உங்களைத் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், அதே கோட்டில் இருக்கச் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை என்றால் தயங்காமல் 7700. 7600 போட்ட பிறகும் காது திறந்திருக்கட்டும், ஏனென்றால் பல நேரம் கெட்டுப்போவது அனுப்புகிற பக்கம் மட்டும். 'நான் சொல்வது கேட்டால் ஐடென்ட் அமுக்கு' என்று கட்டுப்பாட்டாளர் சொல்வார், நீங்கள் அமுக்கினால் அவருக்குப் பதில் கிடைத்துவிடும், அப்படியே பேச்சை நடத்தலாம். வானிலை தெளிவாக இருந்தால் தெளிவான வானத்திலேயே இருந்துகொண்டு பொருத்தமான கிட்டடி நிலையத்தில் இறங்குவதுதான் ஒழுங்கு; மூட்டத்துக்குள் நுழைந்து மலையைத் தாண்டிப் போய்விடலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம்.

7500-ஐ விளையாட்டுக்கும் போட்டுப் பார்க்காதீர்கள், தரையில் நிற்கும்போது சோதனைக்கும் கூடாது. கை தவறி இந்த மூன்றில் எது விழுந்தாலும் மெதுவாக மாற்றிவிட்டு மறைக்கப் பார்க்காமல் உடனே வானொலியில் சொல்லிவிடுங்கள். அவர்கள் திரையில் அது ஏற்கெனவே சிவந்திருக்கும்.

இறங்கிய பிறகு

ஓடுபாதையிலிருந்து வெளியே வந்து, நிறுத்துகிற இடத்துக்குப் போய்ச் சேரும்வரை பெட்டி ஓடட்டும். நிறுத்தியதும் ஸ்டேன்ட்பை, அப்புறம் ஏவியொனிக்ஸ் மாஸ்டர், அப்புறம் என்ஜின். ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியை அணைக்க அவசரப்படுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது, அந்த நேரத்தில் பார்க்கவேண்டியது பிரேக்கையும் முன்னால் இருக்கிற பாதையையும்.

பறப்பின்போது எச்சரிக்கை ஏதாவது வந்திருந்தால் அதை விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் எழுதவேண்டும், அதுவும் ஒழுங்காக. திரையில் வந்த வாசகம் அப்படியே, எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில், எந்த ஊருக்கு மேலே, நேராகப் பறந்தபோதா திரும்பும்போதா, எவ்வளவு நேரத்தில் மறைந்தது. 'ஏ.டி.எஸ்-பி வேலை செய்யவில்லை' என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போனால், இன்ஜினியர் ஹாங்கருக்கு வெளியே திறந்த வானத்தில் வைத்துச் சோதிப்பார், எல்லாம் பச்சையாக இருக்கும், 'குறை காணப்படவில்லை' என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். திரும்பும்போது மட்டும் போனது என்று நீங்கள் எழுதியிருந்தால் அவர் முதலில் அன்டெனாவையும் அதன் கேபிளையும் பார்ப்பார், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.